எட்டு வயதுப் பையனையும் அறுபது வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு இமயமலையில் நடைப்பயணம் போக முடியுமா?

எட்டு வயதுப் பையன், பன்னிரண்டு வயதுப் பெண், அறுபதைக் கடந்த அம்மா ஆகியோருடன் போக வேண்டும், கூட்டம் நெரியாத பள்ளத்தாக்காக இருக்க வேண்டும், யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். என் பிள்ளைகளோடும் மாமியாரோடும் நடந்த இடம் என்பதால் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

இந்த இடத்தைச் சொல்ல முதல் காரணம் உயரம். லடாக்கிற்கு விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரவே 3,500 மீட்டரில் கழியும். பிள்ளைகளின் உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி. ஹர் கி தூனில் உயரம் படிப்படியாக ஏறுகிறது. டேராடூனிலிருந்து வரும் பஸ் போய் நிற்கும் சாங்க்ரி கிராமம் 2,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, ஊட்டியைவிடத் தாழ்வாக இருக்கிறது. பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமமான ஓஸ்லா ஏறக்குறைய தொட்டபெட்டா உயரம். கடைசிப் புல்வெளிதான் 3,566 மீட்டர். அங்கே இரவு தங்க வேண்டிய தேவை இல்லை. பகலில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. இந்தப் பாதை ஆள் வாழும் பாதை. பல மலைப்பயணங்களில் கூடாரத்தையும் பனியையும் தவிர வேறொன்றும் இருக்காது. பெரியவர்களுக்கு அது பிடிக்கலாம், எட்டு வயதுப் பையனுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். இங்கே ஆட்டு மந்தை எதிரே வரும், விறகுச் சுமையோடு பெண்கள் வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளை நிறுத்திப் பெயர் கேட்பார்கள். வழியில் யாருக்காவது முடியவில்லை என்றால் உட்காரத் திண்ணையும் குடிக்கத் தேநீரும் கிடைக்கும்.

போகும் வழியைச் சொல்கிறேன். டேராடூனிலிருந்து சாங்க்ரிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். முசூரி, நௌகாவ், புரோலா, மோரி, நைட்வார் வழியாகப் போகும் மலைச்சாலையில் எட்டு மணி நேரம் முதல் பத்து மணி நேரம் வரை ஆகும். அதிகாலையில் டேராடூன் ரயில் நிலையத்தின் அருகிலிருந்து பஸ் கிளம்புகிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் வாடகைக் காரை வைத்துக்கொள்வதே நல்லது. வளைவுகளில் வாந்தி வரும், நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே நாளில் போய்ச் சேரத் துடிக்காதீர்கள். புரோலாவில் ஓர் இரவு தங்குங்கள். அது அகன்ற, நெல் விளையும் பள்ளத்தாக்கு. அந்தப் பகுதியின் சிவப்பரிசி பெயர் பெற்றது. செலவுக்கான பணத்தை ரொக்கமாக அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு இயந்திரத்தை நம்ப முடியாது.

நைட்வாரில் ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆறாகின்றன. யமுனையில் கலக்கும் ஆறுகளில் பெரியது இந்த டோன்ஸ்தான். கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்தின் சோதனைச் சாவடியும் அந்த ஊரில்தான் இருக்கிறது. எல்லோருடைய அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து சூபினைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறோம், பயணம் முழுக்க அந்த ஆறுதான் துணை. பிள்ளைகளுக்கு வரைபடத்தில் முன்கூட்டியே காட்டிவையுங்கள். இன்று காலை நனைத்த தண்ணீர் டெல்லி வரை போகிறது என்று தெரிந்தால் அந்த ஆற்றை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

சாங்க்ரியில் ஒரு நாள் முழுதும் சும்மா இருங்கள். இதைப் பலர் வீண் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். பயணக் களைப்பு தீரும், உடம்பு உயரத்துக்குப் பழகும். வழிகாட்டியையும் கோவேறு கழுதைக்காரரையும் நேரில் பார்த்துப் பேசி முடிவு செய்ய நேரம் கிடைக்கும். உள்ளூர்க்காரர்களையே அமர்த்துங்கள். எந்த நீரோடையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் பாட்டிக்கு நல்ல கட்டில் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வயதில் மூத்தவரை 'பைஜி' என்றும் பெண்களை 'தீதி' என்றும் அழைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். முகம் மலர்ந்துவிடும். ஒருவருக்கு ஒரு சிறு பைக்கு மேல் முதுகில் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் கோவேறு கழுதை சுமக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலித்தால் ஏறி உட்காரவும் ஒரு விலங்கு கூடவே வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

சாங்க்ரியிலிருந்து தாலுகா என்ற ஊர் வரை சுமார் பதினொரு கிலோமீட்டர் ஜீப்பில் போகலாம். தேவதாரு மரங்களுக்கு நடுவே, சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகளில் இறங்கி ஏறிப் போகும் கரடுமுரடான பாதை. சாலை ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நீண்டுகொண்டிருக்கிறது, ஜீப் இப்போது எதுவரை போகிறது என்று சாங்க்ரியில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை தாலுகாவிலிருந்தே நடங்கள் என்பேன். ஆற்றை ஒட்டி மர நிழலில் போகும் அந்தப் பகுதிதான் பிள்ளைகளுக்கு மிக எளிதானது. ஆற்று நடுப் பாறையில் வெள்ளைத் தலையும் சிவந்த வயிறுமாக ஒரு சிறு பறவை வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கண்டுபிடிப்பது யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வைத்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

தண்ணீரால் சுற்றும் மாவு ஆலையைக் கட்டாயம் காட்டுங்கள். கராட் என்பார்கள். நீரோடையிலிருந்து பிரித்த வாய்க்கால், சாய்வான மரக்குழாய் வழியே பாய்ந்து கீழே படுத்திருக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் அடிக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து மேலே இருக்கும் திரிகைக் கல் சுற்றுகிறது. தானியம் நிரப்பிய கூடை கல்லுக்கு மேல் தொங்கும். கூடையிலிருந்து ஒரு குச்சி, சுற்றும் கல்லைத் தொட்டபடி இருக்கும். கல் சுற்றச் சுற்றக் குச்சி துள்ளும், அந்தத் துள்ளலில் கூடை அதிர்ந்து தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் குழிக்குள் விழும். கல் வேகமாகச் சுற்றினால் தானியமும் அதிகம் விழும், மெதுவாகச் சுற்றினால் குறையும். ஆள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். என் மகன் அந்தக் குச்சியை விட்டு நகரவே மறுத்துவிட்டான். ஓரத்தில் சேரும் மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இளஞ்சூடாக இருக்கும்.

முதல் நாள் கங்காட் வரை போதும். பாலம் தாண்டி ஊருக்குள் போனால் வீட்டிலேயே தங்க இடம் கொடுப்பார்கள். மறுநாள் ஓஸ்லா. அது நான்கைந்து கிலோமீட்டர்தான், கடைசியில் ஓர் ஏற்றம். நடைப்பயணக் குழுக்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். காலையில் நடந்து மதியச் சாப்பாட்டுக்குள் சேர்ந்துவிட்டால் மிச்சப் பகல் முழுதும் அவர்களுடையது. மலையில் மழையும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும்.

ஓஸ்லாவில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். கல்லும் தேவதாரு மரமும் மாறிமாறி அடுக்கிக் கட்டிய வீடுகள், கீழே ஆடுமாடு, மேலே மனிதர். மரவீடு என்பதால் நெருப்பு விஷயத்தில் ஊரே கவனமாக இருக்கும், நீங்களும் இருங்கள். நடுவில் மரச்சிற்பங்களோடு ஒரு பழங்கோயில். வெளியிலிருந்து வருபவர்கள் அதைத் துரியோதனன் கோயில் என்று எழுதியும் சொல்லியும் பரப்பிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சோமேஷ்வர் தேவதையின் கோயில் என்கிறார்கள். அவர்கள் தெய்வம், அவர்கள் சொல்வதைத்தான் நாம் ஏற்க வேண்டும். முற்றத்தில் கால் வைக்குமுன் கேளுங்கள். படம் எடுக்குமுன்னும் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ராஜ்மாவும் சோறும் எங்கும் கிடைக்கும். இந்தப் பக்கத்து ராஜ்மா சிறியது, நன்றாகக் குழையும், காரம் குறைவு. மண்டுவா ரொட்டி என்று கருஞ்சிவப்பாக ஒன்று தட்டில் விழும், அது நம் கேழ்வரகுதான். ஜங்கோரா என்பது குதிரைவாலி. என் மாமியாருக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகு மாவை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் நைசாக அரைபட வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அந்த அம்மா கர்வாலியில் ஏதோ பதில் சொன்னார். அன்று மாலை முழுதும் இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வழியில் வரும் ஆட்டு மந்தைகளோடு பெரிய கறுப்பு நாய்கள் வரும். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க அவற்றுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தடவப் போவார்கள், விடாதீர்கள். அவை காவலுக்கு வளர்ந்தவை. மந்தை வரும்போது பாதையின் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். கோவேறு கழுதைகள் வந்தாலும் இதே விதிதான். கிராமத்துப் பிள்ளைகள் மிட்டாய் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், உறை எல்லாம் ஆற்றில்தான் போய்ச் சேரும். சேர்ந்து விளையாட ஒரு பந்து கொண்டு போங்கள்.

ஓஸ்லாவுக்கு மேலே போவதா வேண்டாமா என்பதை அங்கே தங்கிய பிறகு முடிவு செய்யுங்கள். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். புல்வெளியைப் பார்க்காவிட்டால் பயணமே தோல்வி என்ற எண்ணத்தோடு பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது. தலைவலி, வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் அறிகுறிகள். பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், சிறு பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. விளையாடாமல் மடியில் சுருண்டால், சாப்பாட்டைத் தள்ளினால், காரணமில்லாமல் சிணுங்கினால், உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். இறங்குவதுதான் மருந்து. உயரத்துக்கான மாத்திரை பற்றிக் கிளம்புமுன்னே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் அவருடைய மருத்துவர் சம்மதம் இல்லாமல் கிளம்பவே வேண்டாம். பள்ளத்தாக்கிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் டேராடூன்தான்.

எல்லோரும் உற்சாகமாக இருந்தால் மேலே போங்கள். ஓஸ்லாவிலிருந்து வயல்களைத் தாண்டி, நின்று நின்று ஏறினால் சுமார் 2,900 மீட்டரில் கல்கத்தியாதார் என்ற மேடு. அங்கே கூடாரத்தில் ஓர் இரவு. மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, பூர்ஜ (பிர்ச்) மரங்கள் நிற்கும் காட்டைக் கடந்தால் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஹர் கி தூன் புல்வெளி விரிகிறது. எதிரே சுவர்க்கரோகிணி, முதல் சிகரம் 6,252 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய வழி என்று மக்கள் நம்பும் மலை. தருமரோடு கடைசி வரை போன நாயின் கதையைப் பிள்ளைகளுக்கு முந்தைய இரவே சொல்லிவையுங்கள். கதை தெரிந்து பார்க்கும் மலை வேறு, வெறுமனே பார்க்கும் மலை வேறு.

அங்கே கூடாரம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். இமயத்தின் மேட்டுப் புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் தடைசெய்தது. சரியான தீர்ப்பு. அந்தப் புல் ஆண்டில் சில மாதங்களே வளர்கிறது, மிதித்து அழித்தால் திரும்ப வர வெகுகாலம் ஆகும். பிள்ளைகளின் உடம்புக்கும் கீழே வந்து தூங்குவதே நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மேலே சொன்ன திட்டத்தில் நீங்கள் 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவும் தூங்கப் போவதில்லை.

காலம் என்று பார்த்தால் மே மாதமும் ஜூன் தொடக்கமும் பள்ளி விடுமுறைக்குப் பொருந்தும். வானம் தெளிவாக இருப்பது அக்டோபரில். அப்போது தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த சௌலாய் வயல்கள் சிவந்து கிடக்கும், வால்நட் உதிர்ந்திருக்கும். தசரா விடுமுறையைக் கொஞ்சம் நீட்ட முடிந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஜூலை, ஆகஸ்டில் போகவே கூடாது. மண்சரிவில் சாலை அடைபட்டால் நாட்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, ஓஸ்லா வரை தாராளமாக அழைத்துப் போங்கள். அதற்கு மேல் அவர் வர வேண்டியதில்லை. தங்கும் வீட்டிலேயே இரண்டு நாள் இருக்கட்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவர் கண்டிப்பாக அவரோடு இருங்கள். இப்போதிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் வலிக்கும் என்பதால் இறங்கும் பயிற்சி முக்கியம். கணுக்காலை மூடும் காலணியை எல்லோருக்கும் ஒரு மாதம் முன்பே வாங்கி, தெருவில் நடந்து பழக்கிவிடுங்கள். புதுச் செருப்புக் கடி மலையில் ஆறாது.