உட்சுவருக்கு மெத்தை அடித்தல்: கேள்வி பதில்

கேள்வி: மழலையர் பள்ளி நடத்துகிறோம். டிஸ்டெம்பர் அடித்த வகுப்பறைச் சுவரில் ஈ.வி.ஏ. ஷீட்டுகளை (மெத்தென்ற ஃபோம் தாள்கள்) நேராக ஒட்டிவிடலாமா? (திருப்பூர்)

பதில்: ஒட்டலாம், ஆனால் நிற்காது. பசை பிடித்துக்கொள்வது டிஸ்டெம்பரைத்தானே தவிரச் சுவரை அல்ல. குழந்தைகள் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படலத்தோடு ஷீட்டும் உரிந்து வந்துவிடும். ஒட்டும் பரப்பு முழுவதையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுத்து, பிரைமர் அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ரப்பர் பசையைச் சுவரிலும் ஷீட்டின் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து அழுத்துங்கள். தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த இயலாது என்பதால் முதலில் மட்டம் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிப்பது. விடுமுறை நாளில், சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

உயரம் நான்கு அடி போதும். பணம் குறைவாக இருந்தால் சமதளச் சுவரை விட்டுவிட்டு, தூண் முனை, சன்னல் திட்டின் விளிம்பு, கதவு நிலையின் ஓரம் ஆகியவற்றை முதலில் மூடுங்கள். நெற்றி பிளப்பது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: ஐப்பசி மழையில் எங்கள் சுவர் ஓதம் காக்கிறது. மெத்தை அடித்தால் அது மறைந்துவிடும் அல்லவா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: மறையும், மெத்தைக்குப் பின்னால் பூஞ்சையும் வளரும். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. குழாய்க் கசிவையோ வெளிப்பூச்சு வெடிப்பையோ சரிசெய்யாமல் எந்த மெத்தையும் வேண்டாம்.

கேள்வி: உள்ளரங்கக் கூடைப்பந்துக் களத்தில் கூடைக்குப் பின்னால் சுவர் நெருக்கமாக இருக்கிறது. ஹாலோபிளாக் சுவர். என்ன செய்வது? (கோவை)

பதில்: சர்வதேசக் கூடைப்பந்து விதிகளின்படி களக் கோட்டைச் சுற்றி 2 மீட்டர் வரை எந்தத் தடையும் இருக்கக் கூடாது. உங்களுக்கு அந்த இடம் இல்லையென்றால் மெத்தை கட்டாயம். இடம் இருந்தாலும் மெத்தை அடிப்பது நல்லதே, ஏனெனில் லே-அப் (ஓடிவந்து கூடைக்கு அருகில் எழும்பிப் பந்தைப் போடுவது) போட்டுவிட்டு வருபவர் 2 மீட்டருக்குள் நின்றுவிடுவதில்லை. இங்கே வெறும் ஒட்டுவேலை உதவாது. 12 மி.மீ. பிளைவுட்டின் மேல் இரண்டு அங்குல அடர்ஃபோம் வைத்து, ரெக்சினை இழுத்துப் பின்புறம் ஸ்டேப்லர் அடித்துப் பலகைகளாகச் செய்துகொண்டு, சுவரில் ஆறடி உயரம் வரை பொருத்துங்கள். தரை கழுவும் நீர் படாதிருக்க அடியில் நான்கு அங்குலம் விடுங்கள். விரலால் அழுத்தினால் அடிப்பலகை தட்டுப்படும் ஃபோம் எதற்கும் ஆகாது.

ஹாலோபிளாக்கில் சாதாரணப் பிளக் அடித்தால் உள்குழிக்குள் விழுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே போய் விரியும் வகை நங்கூர ஆணியை (ஆங்கர்) கேட்டு வாங்குங்கள், அல்லது தூணிலிருந்து தூணுக்கு இரும்புச் சட்டம் கட்டி அதில் முடுக்குங்கள். திருகுத் தலை எதுவும் முன்பக்கம் தெரியக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் தென்னை நார் மலிவு. ஃபோமுக்குப் பதிலாக அதையே நிரப்பலாமா? (பொள்ளாச்சி)

பதில்: உதிரி நாரைத் திணித்தால் நாளடைவில் கீழே இறங்கிக் கட்டிப்படும், மேல்பகுதி வெறுமையாகிவிடும். ரப்பர் பால் ஏற்றிய நார்ப் பலகை அப்படி இறங்காது. ஆனால் விறைப்பு அதிகம் என்பதால் அதன்மேல் ஓர் அங்குல ஃபோமாவது வேண்டும்.

கேள்வி: பக்கத்துத் தறிக்கூடச் சத்தம் தாங்கவில்லை. படுக்கையறைச் சுவருக்கு மெத்தை அடித்தால் அடங்குமா? (பல்லடம்)

பதில்: அடங்காது. ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்கும் கனம் அதற்கில்லை. விசைத்தறியின் அதிர்வோ தரைவழியாகவும் வருகிறது. சன்னல் இடுக்குகளை அடைப்பதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: பிளக் பாயின்ட் உள்ள இடத்தில் மெத்தையை வெட்டிவிட்டால் போதுமா? (கரூர்)

பதில்: சுற்றிலும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வெட்டுங்கள், அல்லது பாயின்ட்டையே மெத்தைக்கு மேலே ஏற்றிவிடுங்கள், அதுவே மேல். பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் எரிந்தால் நச்சுப்புகை வரும். தீத்தடுப்பு வகை சற்று விலை கூடுதல்தான். குழந்தைகள் இருக்கும் அறைக்கு வேறெதையும் வாங்க வேண்டாம்.