ஹிட்டே இல்லாதவரின் ஹிட்ஸ் தொகுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலைக்காக மதுரையிலிருந்து ஜொகன்னஸ்பர்க் வந்தவன் நான். லெனேசியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். போன வாரம் வீட்டுக்கார அம்மா கராஜைச் சுத்தம் செய்தபோது பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று கிடைத்தது. எல்லாம் தமிழ் சினிமாப் பாட்டுகள். நடுவில் ஒரே ஒரு ஆங்கிலத் தட்டு: அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸின் ‘அட் ஹிஸ் பெஸ்ட்’. பாடகர்களின் ஹிட்ஸ் தொகுப்புகளை விமர்சகர்கள் மதிப்பதே இல்லை என்று வருத்தப்பட்டு எழுதிய கட்டுரையில் நீங்கள் இதைப் புகழ்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

எனக்குச் சில சந்தேகங்கள். சொந்த நாட்டில் இரண்டு ஆல்பமும் விலைபோகாத ஒருவருக்கு ‘சிறந்தவை’ என்று தொகுப்பு போடுவது கம்பெனிக்காரர்கள் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிற வேலை இல்லையா? இரண்டாவது, அவரைப் பற்றி எடுத்து ஆஸ்கர் வாங்கிய ‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். நிறவெறிக்கு எதிரான குரல் என்கிறார்கள். ஆனால் கச்சேரியில் தெரிகிற முகமெல்லாம் வெள்ளைக்காரர்கள்தான். நம் ஆட்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கடைசியாக, ஒன்றுதான் வாங்குவது என்றால் எதை வாங்கலாம்?

க., லெனேசியா

*

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ரோட்ரிகஸைத் தென்னாப்பிரிக்காவில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள்தான். கட்டாய ராணுவச் சேவைக்குப் போன பையன்கள் பாசறைகளில் ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொண்டார்கள். தொலைக்காட்சியே 1976 வரை இங்கே வரவில்லை. வானொலி அரசின் கையில். போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்பதால் ‘ஷுகர் மேன்’ ஒலிபரப்பாகக் கூடாது என்று அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யின் ஆவணக் காப்பகத்துத் தட்டில் அந்தப் பாட்டின் மேல் கீறியே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதிகாரத்தை நேருக்கு நேர் திட்டலாம், உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் கேட்கலாம் என்று அந்தக் குரல் காட்டிக்கொடுத்தது. 1989இல் ‘ஃபூல்ஃப்ரை’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் அரசைக் கிண்டலடித்துப் பாடிய ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பாடகர்களில் சிலர், தங்களுக்குத் தைரியம் வந்ததில் ரோட்ரிகஸுக்குப் பங்குண்டு என்று படத்திலேயே சொல்கிறார்கள். அதை நான் நம்புகிறேன்.

அதற்காக அதைப் போராட்டத்தின் கீதம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1973 ஜனவரியில் டர்பனில் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் ஊர் முழுக்கப் பரவியது, எங்கள் ஆட்கள் வேலை பார்த்த துணி மில்களையும் எட்டியது. ஜூலு மொழியில் பாடிக்கொண்டே நடந்தார்கள். இந்த நாட்டை அசைத்த பாட்டுகள் அவை. அவற்றைத் தொகுத்து எந்த கம்பெனியும் பெருவிற்பனைக்கான பிளாட்டினம் விருது வாங்கவில்லை. படம் எடுத்தவர் கதை எடுப்பாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றை விட்டுவிட்டார். ஆஸ்திரேலியாவையே விட்டுவிட்டார் என்பது எனக்குப் பெரிய குறை. ரோட்ரிகஸ் 1979இலும் 1981இலும் அங்கே போய் மேடையேறியவர். முதல் பயணத்துக் கச்சேரி ஆல்பமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தால் 1998 வரை அந்த மனிதர் மேடையையே மறந்துபோய்க் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றும்.

இந்த ஆஸ்திரேலியாவில்தான் உங்கள் தட்டின் பிறப்பும் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கும் அங்கிருந்துதான் பதில் தொடங்குகிறது.

‘கோல்ட் ஃபேக்ட்’ 1970. ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ 1971. அமெரிக்காவில் இரண்டும் விற்கவில்லை, சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் அவரைக் கைவிட்டது. 1975இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. இங்கேதான் வேடிக்கை: மூடிய கடையின் சரக்குக்குக் கடல் தாண்டி ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிட்னியிலும் மெல்போர்னிலும் இறக்குமதித் தட்டுக்கு அலைந்தார்கள். ‘ப்ளூ கூஸ் மியூசிக்’ என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி உரிமையை வாங்கி, இரண்டு ஆல்பங்களையும் போட்டு, 1977இல் ‘அட் ஹிஸ் பெஸ்ட்’ தொகுப்பையும் வெளியிட்டது. அது தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பிளாட்டினம் ஆனது.

வழக்கமாக ஹிட்ஸ் தொகுப்பு என்றால், தரவரிசையில் மேலே போன பாட்டுகளை வரிசைப்படுத்தி, கிறிஸ்துமஸ் சந்தைக்கு விடுவார்கள். எது ஹிட் என்பதை அங்கே எண்கள் முடிவு செய்துவிட்டிருக்கும். ரோட்ரிகஸுக்கு அப்படி ஒரு எண்ணும் கிடையாது. பில்போர்டு பட்டியலில் ஏறாத பாட்டுகளில் எது சிறந்தது என்று யார் சொல்வது? எது தேய்ந்து போகும்வரை ஓடியது, எதைக் கேட்டு நண்பன் பதிந்து தரச் சொன்னான் என்பதிலிருந்து வந்த தீர்ப்பு அது. கேட்டவர்கள் உண்டாக்கிய தொகுப்பு. அதனால்தான் ‘ஐ வொண்டர்’ மாதிரி ஒரு பாட்டு, அமெரிக்காவில் யாருக்கும் தெரியாதபோது இங்கே மூன்றாம் தலைமுறைக்கும் மனப்பாடம்.

பழைய சரக்கு என்கிறீர்கள். இல்லை. அந்தத் தட்டில் அதுவரை எந்த ஆல்பத்திலும் வராத மூன்று பதிவுகள் இருக்கின்றன: ‘கான்ட் கெட் அவே’, ‘ஸ்ட்ரீட் பாய்’, ‘ஐல் ஸ்லிப் அவே’. மூன்றும் 1973இல் பதிவானவை. மூன்றாவது ஆல்பம் ஒன்று வந்திருந்தால் அதில் இருந்திருக்க வேண்டியவை. வரவே இல்லை. 2023இல் 81 வயதில் சாகும்வரை அவர் வேறு புதிய ஸ்டுடியோ ஆல்பம் வெளியிடவில்லை. ஆகவே ரோட்ரிகஸின் கடைசி அத்தியாயத்தை யாராவது படிக்க வேண்டுமென்றால் அது இந்தத் தொகுப்பில்தான் கிடைத்தது.

அந்த மூன்றையும் ஒரு இரவு விளக்கணைத்துவிட்டு அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ஐல் ஸ்லிப் அவே’ 1967இல் அவர் வெளியிட்ட முதல் சிங்கிள். அப்போது அட்டையில் அவர் பெயரைக்கூட ‘ராட் ரிகஸ்’ என்று மாற்றிப் போட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், இன்னும் வரவே இல்லாதவன், நான் சத்தமில்லாமல் நழுவிப் போய்விடுவேன் என்று பாடினான். ஆறு வருடம் கழித்து, இரண்டு ஆல்பமும் கவிழ்ந்த பிறகு, அதே பாட்டை மறுபடி பாடுகிறார். குரலில் கசப்பு இல்லை, அவசரமும் இல்லை. எனக்கு இந்தப் பதிவுதான் அவர் பாடியதிலேயே மிக உயர்ந்தது. ‘ஷுகர் மேன்’ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ‘கான்ட் கெட் அவே’ வேறு ரகம். தொல்லை பிடித்த நகரத்தில் பிறந்தவன் ஓடிப்போவதாகச் சபதம் எடுக்கிறான், எங்கே போனாலும் அது கூடவே வருகிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை இழந்து, டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர்களின் தெருக்களில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் அண்ணன் வகுப்பில் அந்தக் கேசட் சுற்றியது. அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், படத்தில் இடம்பிடிக்கும் அளவு இல்லை, ஆனால் இருந்தார்கள். உங்கள் வீட்டுக்கார அம்மாவின் பெட்டியில் இருக்கும் தட்டு யார் வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.

தொகுப்பின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘கோல்ட் ஃபேக்ட்’ ஒரு நகரத்தின் ஒரு இரவைப் போலப் போகும் ஆல்பம். மைக் தியோடரும் டென்னிஸ் காஃபியும் சேர்ந்து செய்த இசையில் தந்தியும் ஊதுகுழலும் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். இரண்டாவது ஆல்பம் லண்டனில் ஸ்டீவ் ரோலண்ட் தயாரிப்பில் பதிவானது, சாயல் மென்மையானது. இரண்டிலும் பிய்த்தெடுத்த பாட்டுகளைக் கலந்து அடுக்கும்போது அந்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. தொகுப்பை மட்டும் கேட்டவர்கள் ரோட்ரிகஸை இனிமையான காதல் பாடகர் என்று நினைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அவருடைய கோபம் முழு ஆல்பத்தில்தான் முழுசாகத் தெரியும்.

இப்போது ‘நம் ஆட்களுக்கு என்ன சம்பந்தம்’ என்பதற்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்தியது. நிறப் பாகுபாட்டை எதிர்த்து அப்படிச் செய்த முதல் நாடு. நியாயமான முடிவு, எங்களுக்காக எடுத்த முடிவு. ஆனால் அதன் விளைவை எங்கள் சமையலறையும் பூஜையறையும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அனுபவித்தன. புடவை, பித்தளை விளக்கு, இசைத்தட்டு எல்லாம் வேறு நாடுகளைச் சுற்றிக்கொண்டு வந்து டர்பனின் கிரே ஸ்ட்ரீட் கடைகளில் இறங்கின. வருகிற தட்டில் பெரும்பாலும் தொகுப்புகள். பத்துப் படத்திலிருந்து பத்துப் பாட்டு. அந்தப் படங்களில் பாதி எங்கள் ஊருக்கு வந்ததில்லை. யார் நடித்தது, எந்தக் காட்சியில் வருகிறது, எழுதியது யார், ஒன்றும் தெரியாது. நகலெடுத்த கேசட்டில் பாடகர் பெயரும் இருக்காது. ஆயா, அதாவது எங்கள் பாட்டி, அந்தப் பாட்டுகளை முழுதாகப் பாடுவார். தமிழ் எழுத்தை மறந்துபோன தலைமுறைக்குக் காது வழியாகத் தமிழ் போய்ச் சேர்ந்தது அந்தத் தொகுப்புகளால்தான். சென்னை ஸ்டுடியோவில் பாடியவருக்கு, டர்பனில் ஒரு கரும்புத் தோட்டத்துக் குடும்பத்தின் பேத்தி இதைக் கேட்டுத்தான் தமிழ் உச்சரிப்பைப் பழகினாள் என்பது தெரிந்திருக்க வழியே இல்லை.

டெட்ராய்ட்டில் வீடு இடிக்கும் வேலை செய்துகொண்டிருந்த ரோட்ரிகஸுக்கும் நாங்கள் தெரியாது. அட்டையில் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. ‘கோல்ட் ஃபேக்ட்’ பாட்டுகளின் ஆசிரியர் என்று ஒரு இடத்தில் ஜீசஸ் ரோட்ரிகஸ், இன்னொரு இடத்தில் சிக்ஸ்த் பிரின்ஸ் என்று போட்டிருந்தார்கள். தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறியது: மேடையிலேயே தீக்குளித்துவிட்டார், சுட்டுக்கொண்டார் என்று. பாட்டில் வரும் ‘டியர்போர்ன்’ என்ற ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு கேப் டவுன் ரசிகர் ஸ்டீஃபன் செகர்மனும் பத்திரிகையாளர் கிரெய்க் பார்த்தலோமியுவும் 1997இல் அவரைக் கண்டுபிடித்த கதையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1998 மார்ச்சில் கேப் டவுன் பக்கத்துப் பெல்வில் வெலோட்ரோம் அரங்கில் அவர் மேடையேறியபோது, பாட ஆரம்பிக்க முடியாமல் கூட்டத்தின் கைதட்டலில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆராதனையில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் பிளாட்டினம் ஆன நாட்டிலிருந்து அத்தனை வருடமும் ராயல்டி அவர் கைக்கு வரவில்லை என்பது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

தொகுப்பு ஆல்பத்தில் கம்பெனிக்குச் செலவு மிகக் குறைவு. ஸ்டுடியோ வாடகை இல்லை, வாத்தியக்காரர் சம்பளம் இல்லை. பதிவு நாடா ஏற்கெனவே இருக்கிறது. பாடகன் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்கக்கூடத் தேவையில்லாமல் அச்சடித்து விற்கலாம். விமர்சகர்கள் தொகுப்புகளைக் கலைக்கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குவதால், இந்தப் பணக்கணக்கையும் யாரும் கேட்பதில்லை. புது ஆல்பம் என்றால் பத்து பேட்டி, இருபது விமர்சனம். தொகுப்பு என்றால் கடை அலமாரியில் சத்தமில்லாமல் பத்து வருடம் விற்கும். அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் நான் அடம்பிடித்ததற்கு இதுவே முக்கியமான காரணம்.

கடைசியாக, எதை வாங்குவது. அம்மாவின் தட்டு இருக்கும்போது ‘அட் ஹிஸ் பெஸ்ட்’டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். சியாட்டிலின் ‘லைட் இன் தி அட்டிக்’ 2008இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்த ‘கோல்ட் ஃபேக்ட்’டை வாங்குங்கள், ஒலி தெளிவு, உள்ளே விவரமான குறிப்புகளும் உண்டு. ஒரே தட்டில் எல்லாம் வேண்டும் என்றால் 2012இல் வந்த ஆவணப்படத்தின் இசைத்தட்டு. அதுவும் உண்மையில் ஒரு தொகுப்புதான். இரண்டு ஆல்பத்துப் பாட்டுகளோடு அந்த 1973 பதிவுகள் மூன்றும் அதில் இருக்கின்றன. விற்பனையிலிருந்து ரோட்ரிகஸுக்கு ராயல்டி போகிறது என்று அதில் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து