ஆறு சிவப்பாக ஓடுவது ஏன்?

கேள்வி: ஸ்பெயினில் ரியோ டின்டோ ஆறு ரத்தம் மாதிரி சிவப்பாக ஓடும் வீடியோ பார்த்தேன். சுரங்கக் கழிவா, பாக்டீரியாவா?

பதில்: இரண்டுமே. அங்கே பைரைட் ஏராளம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் போல மினுங்கி ஏமாற்றும் கல். தோண்டிப் போட்டால் காற்றும் நீரும் பட்டு அமிலம் சுரக்கும். அந்த அமிலத்தில் கரைந்த இரும்பு தானாக ஆக்ஸிஜனோடு சேர வருடக்கணக்கில் ஆகும். அசிடிதயோபேசில்லஸ் ஃபெர்ரோஆக்ஸிடன்ஸ் என்ற பாக்டீரியா (பெயர்தான் பெரிசு, ஆள் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு) அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதிலேயே பிழைக்கிறது, வேகமும் லட்சக்கணக்கான மடங்கு கூடுகிறது. இப்படி மாறிய இரும்புதான் நீருக்கு அந்தச் சிவப்பைத் தருகிறது. அதுவே மறுபடி பைரைட்டையும் அரிக்க, இன்னும் அமிலம், இன்னும் இரும்பு. இதில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம் என்பதால் பாக்டீரியா மலைமலையாக இரும்பைக் கையாள வேண்டியிருக்கிறது. ஆற்றின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; 7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்) கிட்டத்தட்ட 2, எலுமிச்சைச் சாறு அளவு; ஆனாலும் பாக்டீரியாவின் செல்லுக்குள் ஏறக்குறைய நடுநிலைதான்!

சுரங்கம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. மனிதன் தோண்டத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே படிந்த இரும்புப் படிவங்கள் அந்தக் கரையில் உண்டு.

1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில்தான் இந்த பாக்டீரியாவை முதலில் கண்டுபிடித்தார்கள். ஆனால் ரியோ டின்டோக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே, பாக்டீரியா என்று ஒன்று இருப்பதே தெரியாமல், சுரங்கத்திலிருந்து வடியும், செம்பு கரைந்த நீரில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பு எடுத்தார்கள். இன்று சிலியில் தரம் குறைந்த செம்புத் தாதுவைக் குவித்து, அமிலம் தெளித்து, பாக்டீரியாவை இதே வேலையை வேண்டுமென்றே செய்ய விடுகிறார்கள். கைவிட்ட சுரங்கங்களில்தான் தலைவலி: அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பைரைட் தீரும்வரை.