எங்கள் ஊருணியைத் தூர்வாரித் தருவதாக ஒரு பெரிய கம்பெனி வந்திருக்கிறது. கடைகளில் 'ஒரு பாக்கெட் வாங்கினால் 1 ரூபாய் நீர்நிலைக்கு' என்று விளம்பரமும் ஒட்டியிருக்கிறார்கள். இதில் அவர்களுக்கு என்ன லாபம்? ஒப்புக்கொள்ளலாமா? (தேவகோட்டை பக்கம்)

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நோக்கம் என்ன என்று அவர்கள் பேச்சை வைத்து எடை போடாதீர்கள். பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நீங்கள் ஊராட்சியிலோ ஊர்க் கமிட்டியிலோ இருக்கிறீர்கள், நாளைக்குக் கிராமசபையில் பதில் சொல்ல வேண்டியவர் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சிஎஸ்ஆர் என்பது இதுதான். நீர்நிலைப் பாதுகாப்பு அதற்கான ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. ஆக ஊருணி வேலைக்கு வரும் பணம் பெரும்பாலும் சட்டம் கட்டாயப்படுத்திய பணம். அதைத் தயங்காமல் கேட்டு வாங்கலாம். கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பாக்கெட் விளம்பரம் வேறு சமாச்சாரம். தன் சரக்குக்கு விளம்பர ஆதாயம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது என்று விதியே சொல்கிறது. அதனால் அந்த 1 ரூபாய் விளம்பரச் செலவில்தான் போகும். விளம்பரச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம், சிஎஸ்ஆர் செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. சுமார் 25 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு விளம்பரத் தலைப்பில் போகும் ரூபாயின் உண்மைச் செலவு முக்கால் ரூபாய், சிஎஸ்ஆர் தலைப்பில் முழு ரூபாய். விற்பனையும் சேர்ந்து கூடுகிறது. இந்த உத்தியைப் பெரிதாக்கிக் காட்டியது 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கிரெடிட் கார்டு கம்பெனி. கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 சென்ட், புதுக் கார்டுக்கு 1 டாலர், சுதந்திரதேவி சிலையைப் புதுப்பிக்க என்றார்கள். சிலைக்குச் சேர்ந்தது சுமார் 17 லட்சம் டாலர். விளம்பரத்துக்கு அவர்கள் செலவழித்தது அதைவிட மிக அதிகம்.

உங்கள் கடைகளில் ஒட்டியிருக்கும் பாக்கெட் விளம்பரத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார்கள், விற்காவிட்டாலும் குறைந்தது எவ்வளவு, எந்தத் தேதிக்குள் யாருக்கு. உச்சவரம்பு 10 லட்சம் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தால், 10 லட்சமாவது பாக்கெட்டுக்குப் பிறகு வாங்குகிறவர் ரூபாய் எங்கும் போகாது. சொன்னபடி கொடுக்கவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் போடும்போது "சில்லறையை நன்கொடையாக வைத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்பது இன்னொரு வகை. அது முழுக்க உங்கள் பணம், கம்பெனியின் 2 சதவீதத்தில் அதைச் சேர்க்க முடியாது.

கம்பெனிக்காரர்களைத் திட்டுவதற்கு எழுதுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவார்கள். இல்லை. பெயர் போட்டுக்கொள்வதையும் நான் குறை சொல்லவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் பெயர் இன்றைக்கும் ஊர் முழுக்க இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நகரத்தார் கடைக்கணக்கில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு எழுதி வைத்தார்கள். சத்திரமோ பாடசாலையோ கட்டினால், அதை நடத்த ஒரு நிலத்தையோ வட்டி வருமானத்தையோ கட்டளையாக ஒதுக்கினார்கள். காசிச் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள் போவது அந்த ஏற்பாட்டால்தான். பெயர்ப்பலகைக்குப் பின்னால் பராமரிப்புப் பணம் இருக்கிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

ஊருணியில் இது எப்படிக் கெடுகிறது என்று சொல்கிறேன். பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்று கம்பெனி அவசரப்படும். பிப்ரவரியில் ஊருணியில் பாதித் தண்ணீர் நிற்கும். அதை மோட்டார் வைத்து இறைத்துக் கொட்டிவிட்டு ஜேசிபியை இறக்குவார்கள். கோடைக்கு வைத்திருந்த தண்ணீர் போய்விடும். ஈரச் சேற்றை அள்ளிக் கரைமேலேயே குவிப்பார்கள். ஐப்பசி மழையில் அது அப்படியே உள்ளே சரிந்துவிடும்.

இந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை. இயக்குநர் குழு இதைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானித்தால், தொடங்கும் ஆண்டு போக 3 ஆண்டு வரை நடத்தலாம். செலவாகாத பணத்தை ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். தொடர் திட்டம் என்று அறிவிக்காவிட்டால்தான் மீதிப் பணம் 6 மாதத்துக்குள் அரசு நிதிக்குப் போகும். ஆகவே முதல் கோரிக்கையே "தொடர் திட்டமாக அறிவியுங்கள்" என்பதாக இருக்கட்டும். வேலையை வைகாசி, ஆனியில் வைத்துக்கொள்ளலாம், 3 ஆண்டுப் பராமரிப்புக்கும் அதிலேயே பணம் கிடைக்கும்.

அடுத்தது ஆழம். ஆழமாகத் தோண்டினால் போட்டோ நன்றாக வரும், ஊருணி செத்துப்போகும். நம் பக்கத்தில் வண்டலுக்குக் கீழே களிமண் படுகை, அதற்கும் கீழே சரளையும் செம்புராங்கல்லும். களிமண்ணைக் கிழித்துவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. வேலைக்கு முன் நான்கைந்து இடத்தில் சோதனைக் குழி எடுக்கச் சொல்லுங்கள். அரை அடிக்கு ஒரு முறை மண்ணை எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பென்சில் கனத்தில் உடையாமல் நீண்டால் களி. நறநறவென்று உதிர்ந்தால் அதற்கு மேல் போகக்கூடாது. ஒன்றரை அடிக் களியாவது மிஞ்சுமாறு நிறுத்த வேண்டும்.

பில்லையும் ஊரிலேயே சரிபார்க்கலாம். 1 ஏக்கரில் 1 அடி தூர் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). 3 யூனிட் டிப்பரில் 145 நடை. வெட்டிய மண் ஐந்தில் ஒரு பங்காவது உப்பும் என்பதால் 175 நடை வரும். 2 அடி எடுத்ததாகப் பில் போட்டு, போனது 100 நடைதான் என்றால் கணக்கு உதைக்கிறது. ஜேசிபி மணிக்கணக்கில் பில் வேண்டாம். முன்னும் பின்னும் லெவல் எடுத்துக் கன அளவில் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். 2023 அக்டோபரிலிருந்து சிஎஸ்ஆர் செலவுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைக் கம்பெனி திரும்பப் பெற முடியாது. அதனால் எஸ்டிமேட்டை வரியோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதியில் பணம் போதவில்லை என்பார்கள். வண்டலை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம். முன்கூட்டியே விண்ணப்பித்தால் கரையில் கொட்டும் வேலையே இல்லை.

இவ்வளவும் சரியாகச் செய்து, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை விட்டுவிட்டால் அத்தனையும் வீண். வரத்துக்காலில் பலகை வைக்க இடமில்லை, ஆக்கிரமிப்புச் சண்டை வேறு, அதனால் கம்பெனிக்கு அதில் ஆர்வம் இருக்காது. புல வரைபடத்தை வைத்து அளந்து, தடையை எடுத்து, ஊருணி வாயில் ஒரு வண்டல் தொட்டியும் கட்டி முடித்த பிறகுதான் உள்ளே மண் எடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படிதான் ஊரையே அமைத்திருந்தார்கள். இப்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெரு திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் இறங்கி, தேக்குக் கதவின் அடியை அரிக்கிறது. ஊருணி காய்ந்து கிடக்கிறது. ரோடு ஒப்பந்தத்தில் பழைய மட்டத்துக்குச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று எழுதி வாங்க ஒரு ஊராட்சியும் முனையாதது எனக்குப் பொறுக்கவே இல்லை. கம்பெனியைக் கேள்வி கேட்கும் அதே கிராமசபையில் இதையும் கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். ஊருணி ஊராட்சியின் சொத்தாகவே இருக்கும் என்பது முதல் வரியில் வரட்டும். வேலையைத் தொண்டு நிறுவனம் மூலம் செய்தால் அதன் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணைக் கேளுங்கள். கம்பெனி இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற திட்டங்களின் பட்டியல் இருக்க வேண்டும், அதில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் இன்னும் பணம் ஒதுக்காமல் இருக்கலாம். பலகை எத்தனை, என்ன அளவு, எங்கே என்பதையும் எழுதுங்கள். படித்துறையில் வேண்டாம். திறப்பு விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதில்லை என்றும் ஒரு வரி சேருங்கள். கடைசித் தவணையாக 20 சதவீதத்தை நிறுத்திவைத்து, கார்த்திகையில் ஊருணி நிறைந்து ஒரு மாதம் தண்ணீர் நின்ற பிறகு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒத்துவராத கம்பெனி என்றால், அதே பணத்தில் வரத்துக்காலை மட்டும் சரிசெய்து தரக் கேளுங்கள். செலவு குறைவு, தண்ணீர் அந்த மழைக்கே வந்துவிடும்.