கையெழுத்து போடாதவருக்கு மெமோ இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சேர்வராயன் மலையில் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சீட் பார்க்கிறேன். வீடு சேலத்தில். காலையில் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிக்கும்போதே பாதித் தெம்பு போய்விடும்.

சமீபத்தில் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும். மலையாளி பழங்குடி (கேரளத்தவர் இல்லை, இந்த மலைகளில் வாழ்பவர்கள்). பெண்ணின் அப்பாவுடைய பள்ளிக்கூட டி.சி.யில் 'கவுண்டர்' என்று மட்டும் எழுதியிருந்ததால் விண்ணப்பம் திரும்பிவிட்டது. திருப்பியது நான் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான். அவர் சத்தம் போடவில்லை. "வேற என்னென்ன கொண்டாரணும், ஒட்டுக்கா சொல்லிடு சாமி" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. இந்த மேசையில் ஒன்று கேட்பார்கள், அடுத்த மேசையில் வேறொன்று கேட்பார்கள். எனக்கே தெரியாது.

இன்னொரு பக்கம் என் அப்பா இதே மாதிரி ஒரு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். சேலத்துக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தாத்தா கிரயம் வாங்கியது, அனுபவத்தில் இருப்பது நாங்கள். யுடிஆரில் (அரசு நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டது. மனு கொடுத்தால் வி.ஏ.ஓ. ஆர்.ஐ.யை (வருவாய் ஆய்வாளர்) பார்க்கச் சொல்கிறார், ஆர்.ஐ. சர்வேயரைச் சொல்கிறார். மகள் அரசு வேலையில் இருப்பதை அங்கே சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் சிக்கல் கூடும் என்று பயம்.

என்னோடு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். பிறகு ஏன் எதுவும் நடப்பதில்லை? வேண்டுமென்றே இப்படி அமைத்து வைத்திருக்கிறார்களா? வேலையை விட்டுவிடலாமா என்று சில நாள் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்.,

பெயரோடு அலுவலகம், கிராமம் பற்றிய விவரங்களையும் எடுத்துவிட்டேன். நானும் பழைய வருவாய்த் துறைக்காரன்தான். எனவே வெளியிலிருந்து திட்டுகிறவனின் குரலை எதிர்பார்க்காதீர்கள்.

வேண்டுமென்றே யாரும் இப்படிச் செய்யவில்லை. மக்களை மனதில் வைத்தும் செய்யவில்லை. 1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) கம்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை இங்கே அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளர்களில் ஒருவராக வந்தவர் தாமஸ் மன்றோ. வயலை அளந்து, அதற்கு ஒரு தீர்வை போட்டு, உழுகிறவன் பெயரை எதிரே எழுதுகிற ரயத்துவாரி இந்தப் பகுதியில்தான் வளர்ந்தது. உங்கள் அப்பா தேடி அலையும் பட்டாவுக்குப் பூர்வீகம் நம் மாவட்டம் என்றே சொல்லலாம். யாரிடம் வசூலிப்பது என்று கம்பெனி தெரிந்துகொள்ள உண்டாக்கிய காகிதம் அது. இப்போது நிலவரி ஒரு டீச் செலவுக்குக்கூட ஆகாது. ஆனாலும் அலுவலகத்தின் முகம் இன்னும் மேலே பார்த்தபடிதான் இருக்கிறது. ஜன்னலில் நிற்பவர் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்.

நல்லவர்கள் இருந்தும் ஏன் நடப்பதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு தவறான சான்று கொடுத்துவிட்டால் 17பி, அதாவது கடும் தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, வரும். ஊதிய உயர்வு நிற்கும், பதவி உயர்வு போகும். பட்டியலில் ஒரு பெயர் தப்பாகச் சேர்ந்ததற்காக, ஓய்வு பெறும் நாளன்று வாழ்த்து மாலையோடு சஸ்பெண்ட் உத்தரவையும் வாங்கிக்கொண்டு போனவரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கொடுக்க வேண்டிய சான்றைக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக யாருக்காவது 17பி வந்து பார்த்திருக்கிறீர்களா? அதிகம் போனால் ஒரு விளக்கம் கேட்பார்கள். 'பணிச்சுமை' என்று எழுதினால் முடிந்தது. பிழைக்கான விலையைக் கொடுப்பவர் ஊழியர், தாமதத்துக்கான விலையைக் கொடுப்பவர் மனுதாரர். இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை நேர்மையான, குடும்பஸ்தரான, கவனமான ஊழியர்தான் முதலில் கோப்பைத் தள்ளி வைப்பார். சோம்பேறியைக் கூட விரட்டி வேலை வாங்கிவிடலாம், பயந்தவரை என்ன செய்ய? லஞ்சம் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதுவும் இந்தப் பயத்தை அண்டிப் பிழைப்பதுதான். சும்மா இருந்தால் எந்த நஷ்டமும் இல்லாத இடத்தில், அசைவதற்கு விலை வைப்பது சுலபம்.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு நில எடுப்பு இழப்பீட்டுக் கோப்பு இருந்தது. எழுத்தர் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் பார்த்து, மேலே போனது. அதிகாரி பச்சை மையில் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதிக் கீழே அனுப்பினார். பேசப் போனால் அவர் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார், இல்லையென்றால் முகாமில் இருப்பார். ஒரு நாள் மாறுதலாகிப் போய்விட்டார். எழுத்தர் மறுபடி சுத்தமாகக் குறிப்பு எழுதி வைத்தார். புதிய அதிகாரி படித்துவிட்டு, முந்தையவர் பேசச் சொன்னாரே, ஏதோ இருக்கும்போல என்று யோசித்து, அதற்குக் கீழேயே 'பேசுக' என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது என்பது என் ஊகம். முடிவெடுக்காமல் கோப்பைக் கீழிறக்க அதைவிட மரியாதையான வழி இல்லை, அவ்வளவுதான்.

இணையவழி வந்தால் இதெல்லாம் தீரும் என்றார்கள். கொஞ்சம் தீர்ந்தது, மறுப்பதற்கில்லை. வருமானச் சான்றுக்கு இப்போது யாரும் வாசலில் காத்துக் கிடப்பதில்லை. அப்புறம் திரையில் நிலுவை எண்ணிக்கை வந்தது. ஆய்வுக் கூட்டம் நெருங்கும் வாரத்தில் 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று எத்தனை விண்ணப்பங்கள் திரும்புகின்றன என்று உங்களுக்குத் தெரியாததல்ல. திருப்பினால் நிலுவை குறையும். அந்த ஆள் இ-சேவை மையத்தில் மறுபடி பணம் கட்டிப் பதிந்தால் புது எண், நாள் கணக்கு முதலிலிருந்து. மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், மங்கலாக ஏறிய ஒரு படத்துக்காக ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வருகிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தாலும், அது 'தக்க நடவடிக்கைக்கு' என்று யார்மீது புகாரோ அவர் மேசைக்கே வந்து சேரும். ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸார் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று சோதிப்பதை நாம் ஒரு சாதாரண வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

உங்கள் பெரியவர் விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில 'முடியாது'கள் சட்டத்திலேயே இருக்கின்றன. மலையாளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு என்றுதான் இருக்கிறது. கொல்லிமலை 1997-ல் நாமக்கல்லோடு போனாலும் பழைய சேலம் என்பதால் பாதகமில்லை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருப்பவர்கள் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்துக்காரர்கள் என்பதால் வெளியே நிற்கிறார்கள். அங்கே சீட் பார்க்கும் பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சான்று தர முடியாது. அதை மாற்ற வேண்டிய இடம் நாடாளுமன்றம். ஆனால் உங்கள் பெரியவருக்கு வந்த 'முடியாது' அந்த வகை இல்லை. அது மேசையில் பிறந்தது, மேசையிலேயே தீர்க்கலாம். அந்த மக்கள் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது மலை முழுக்கத் தெரிந்த செய்தி. இதே சிக்கலோடு வந்து, விசாரணைக்குப் பின் சான்று கொடுத்த கோப்பு ஒன்றாவது உங்கள் பதிவறையில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். பழைய ந.க. எண்ணையும் (கோப்பு எண்) இறுதி உத்தரவின் தேதியையும் குறிப்பில் எழுதி, நகலுக்குக் கொடி (அடையாளச் சீட்டு) குத்தி மேலே அனுப்புங்கள். பயந்த அதிகாரிக்கு நியாயத்தை எடுத்துச் சொல்வதைவிட, அவருக்கு முன்னால் ஒருவர் கையெழுத்து போட்டிருக்கிறார் என்று காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், பெரியவர் சொன்ன அந்த 'ஒட்டுக்கா', மொத்தமாக. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் தயாரிப்பது உங்கள் சீட்டிலிருந்தே முடியும். எல்லா மேசைகளும் என்னென்ன கேட்கும் என்று சேர்த்து ஒரே தாளில் எழுதி, மேலதிகாரியிடம் காட்டி, ஜன்னலில் ஒட்டுங்கள். திருப்பும்போது எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் எழுதுங்கள். இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அப்பா விஷயம். யுடிஆர் 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைக் கிராம அதிகாரி பதவிகளை 1980-ல் ஒழித்ததும் அந்த நடுவில்தான். எந்த வயல் யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் புதுக் கணக்கு எழுதினார்கள். (கர்ணங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் செய்த கூத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) பிழை அரசாங்கம் செய்தது, நிரூபிக்க வேண்டியவர் உங்கள் அப்பா. அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலை அது. யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு (கிராம நிலங்களின் பதிவேடு), யுடிஆர் 'அ' பதிவேடு, பழைய சர்வே எண் எந்தப் புது எண்ணாக மாறியது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல், தாத்தாவின் கிரயப் பத்திரம், அந்தக் காலத்திலிருந்து வில்லங்கச் சான்று, இவ்வளவையும் ஒரே கட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவில் 'பட்டா மாறுதல்' என்று எழுதினால் சர்வேயரிடமே சுற்றிக்கொண்டிருக்கும். 'யுடிஆர் பிழைத் திருத்தம்' என்று தெளிவாக எழுத வேண்டும். பிழையின் தன்மையைப் பொறுத்து அது மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும்.

மனு அசையவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடட்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்கக் கூடாது, அது தகவல் அல்ல என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மனு பதிவான தன்பதிவேட்டுப் (எழுத்தர் தன்னிடம் வருபவற்றைப் பதியும் ஏடு) பக்கத்தின் நகல், கோப்பின் குறிப்புப் பகுதியின் நகல், இவற்றைக் கேட்க வேண்டும். முப்பது நாள் கெடு. யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று காகிதத்தில் வெளியே வரப்போகிறது என்று தெரிந்தாலே பல கோப்புகள் எழுந்து நடக்கும். சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்று ஆக்க நம் கையில் இருக்கும் கருவிகளில் உருப்படியானது இது.

மகள் அரசு வேலையில் இருப்பதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. சொல்லிச் சலுகை கேட்டால்தான் தப்பு.

வேலையை விடுவது உங்கள் முடிவு. விடக் கூடாது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் தினமும் அந்த பஸ்ஸில் ஏறுவது நான் இல்லையே. துறைத் தேர்வுகளை மட்டும் முடித்து வையுங்கள், எந்த முடிவெடுத்தாலும் கை கொடுக்கும்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். தாத்தாவின் கிரயப் பத்திரத்தின் அசலை எந்த அலுவலகத்திலும், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், கொடுத்துவிட்டு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். காட்டிவிட்டு, நகலைக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.