இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு கிழமை: முன்பின் படகு ஓட்டாதவர்களால் முடியுமா?

கொழும்பிலிருந்து போய், லண்டன் அக்கா குடும்பத்தோடு ஆறு பேராக நரோபோட் என்ற ஒடுங்கிய நீளமான கால்வாய்ப் படகை எடுக்கப் போவதாகவும், லைசன்ஸ் வேண்டுமா, ஒரு கிழமையில் எவ்வளவு தூரம் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

லைசன்ஸ் தேவையில்லை. படகைத் தரும்போதே ஓட்டக் காட்டித் தருவார்கள். வேக எல்லை மணிக்கு 4 மைல்தான். ஆனால் கார் ஓட்டுபவருக்கு இது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படகுக்கு பிரேக் இல்லை. நிறுத்த ரிவர்ஸ் போட வேண்டும், ரிவர்ஸில் சுக்கான் சொல் கேட்காது. சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் முனை இடப்பக்கம் போகும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், எங்கள் ரோட்டுக்கு நேர்மாறு.

கால்வாயில் தண்ணீர் பெரும்பாலும் நெஞ்சளவுதான். பயப்பட வேண்டிய இடம் லொக். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி அது. வன்னிக் குளத்தில் துருசு திறப்பதுபோலக் கைப்பிடியால் சுற்றித் தண்ணீரை விட்டுப் படகை ஏற்றி இறக்குவீர்கள். அதில் இறங்கும்போதுதான் படகுகள் பெரும்பாலும் மூழ்குகின்றன. மேற்கதவின் அடியில் படிபோல ஒரு கட்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக்கோடு மட்டும் இருக்கும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வடிய வடியப் பின்பகுதி அந்தக் கட்டின்மேல் குந்திவிடும், முன்பகுதி தாழ்ந்து தண்ணீர் உள்ளே பாயும். அப்படிச் சிக்கினால் முதலில் கீழ்த்துருசை மூடுங்கள். பிறகு மேல்துருசை மெதுவாகத் திறந்து மிதக்க விடுங்கள். இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது, படகு தொங்கிவிடும். ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடியுங்கள். கைப்பிடியைத் துருசில் மாட்டியபடி விடவும் கூடாது. துருசைப் பிடித்திருக்கும் கொளுக்கி வழுக்கினால் கைப்பிடி சுழன்று கையை முறிக்கும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜக்கெட் கட்டாயம். பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஒருவர் சுக்கானை விட்டு அசையாமல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஆபத்து வராது.

தூரத்துக்கு மைல்களையும் லொக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள். 21 மைல், 21 லொக் என்றால் 14 மணித்தியாலம். நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். படகு 18 மீற்றர் நீளமென்றால் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது; திருப்புமிடங்களை வரைபடத்தில் முதலே குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவையே ஆற்றில் போக வேண்டாம், மழைக்குப் பிறகு நீரோட்டம் பிடித்திழுக்கும். லாங்கொலன் கால்வாய் அழகானது. ஆனால் அங்குள்ள 1805ஆம் ஆண்டுப் பொன்ட்கசில்டே நீர்ப்பாலம், அதாவது கால்வாயையே தாங்கிச் செல்லும் பாலம், 38 மீற்றர் உயரம். படகு போகும் பக்கத்தில் கம்பிவேலி இல்லை. பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும்.

எஞ்சின் சத்தம் மாறி, படகு இழுக்காமல் நின்றால் தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் பொலித்தீன் சுற்றியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே விசிறிக்கு மேலேயுள்ள பின்பக்க மூடியைத் திறந்து வெட்டி எடுக்க வேண்டும். அந்த மூடியை இறுக்காமல் ஓடினால் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறி அதிலும் படகு போகும். வெள்ளவத்தைக் கால்வாயில் நாங்கள் எறியும் ஷொப்பிங் பைகளை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. கடல்வரை போகும் நீர்வழி வீட்டு வாசலில் இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். அந்த நாட்டுக் கால்வாய்களும் ஒரு காலத்தில் தூர்ந்துதான் கிடந்தன; தொண்டர்கள் சேற்றில் இறங்கிப் பலவற்றை மீட்டார்கள்.

கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுக்கும் கசெட் டொய்லட் என்றால் பெட்டி சுமார் 20 லீற்றர்தான், ஆறு பேருக்கு அடிக்கடி வெறுமையாக்க வேண்டிவரும். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் நிரப்புங்கள். றைஸ் குக்கர் கொண்டுபோக வேண்டாம், படகின் பற்றரி தாங்காது. காஸ் அடுப்பு இருக்கும். அடி கனத்த சட்டியில் சோறு வடியுங்கள், காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்காதீர்கள்.