புத்தகம் போடப் பணம் கேட்கிறார்களா? துப்பறியும் நாவலாசிரியரிடம் டெல்டா வாசகர்கள் கேட்டவை

மன்னார்குடி: ஐயா, 160 பக்கத்தில் ஒரு திகில் நாவல் எழுதியிருக்கிறேன். "300 பிரதி, 45,000 ரூபாய், ஐஎஸ்பிஎன், நூலக ஆணை எல்லாம் எங்கள் பொறுப்பு" என்கிறார்கள் ஒரு பதிப்பகத்தார். குறுவைப் பணம் கையில் இருக்கிறது. கட்டிவிடலாமா?

பொறுங்க தம்பி. ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் அடையாள எண். அதற்குக் கட்டணமே கிடையாது. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் எழுதியவரே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். நூலக ஆணை என்பது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தேர்வு செய்து தருவது. அதற்கு முன்கூட்டி உத்தரவாதம் சொல்பவர் பொய் சொல்கிறார். மிச்சம் அச்சுச் செலவுதான். அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு பாரம்; 160 பக்கம் என்றால் 10 பாரம். தாள், அச்சு, அட்டை, பைண்டிங் எனப் பிரித்து, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இரண்டு அச்சகத்தில் விலை கேளுங்கள். 45,000-ல் எவ்வளவு வெறும் வாக்குறுதிக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு தில்லுமுல்லு: 300 என்று சொல்லி, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 30 மட்டும் போட்டு, அதில் 25-ஐ உங்களிடமே தருவார்கள். "மீதி கடைகளில் இருக்கிறது" என்பார்கள். அதனால் அச்சக ரசீதின் நகல் தரணும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசித் தவணையைக் கட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே கொடுங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவது பாவமில்லை. ஆனால் அப்போது பிரதியும் உரிமையும் உங்களிடம்தான் இருக்கணும்.

பாபநாசம்: அட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் போலியா என்று பார்க்க வழி உண்டா சார்?

13 இலக்கங்களையும் இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். 10-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் போலி. வேறு புத்தகத்தின் எண்ணை ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கில் சிக்காது. ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கேட்டு வாங்கணும்.

மயிலாடுதுறை: நாவலின் உரிமையை "எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக" தருவதாகப் பதிப்பக ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அடித்துத் திருத்தச் சொல்லுங்கம்மா. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'நிரந்தரமாக' என்று நீங்களே கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அச்சு உரிமையை மட்டும், 3 ஆண்டுக்குக் கொடுங்கள். ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு உங்களிடமே இருக்கட்டும்.

திருவாரூர்: கவிதைக்கு 500 ரூபாய் கட்டினால் உலக சாதனைத் தொகுப்பில் இடம், சான்றிதழ் என்கிறார்கள். கட்டலாமா?

100 பேர் கட்டினால் 50,000. புத்தகத்தை வாங்கப்போவதும் அதே 100 பேர்தான். விட்டுவிடுங்கள்.

பட்டுக்கோட்டை: பெரிய ஆங்கிலப் பதிப்பகத்தின் ஆசிரியர் என்று மின்னஞ்சல். முழு நாவலையும் கேட்கிறார்.

முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஃபிலிப்போ பெர்னார்டினி என்பவர் மின்னஞ்சல் முகவரியில் 'எம்' (m) வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டையும் ஒட்டிப் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைக் கறந்தார். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார். வந்த மடலுக்கே பதில் போடாமல், பதிப்பகத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் வெளிநாட்டு ஏஜென்ட் வாசிப்புக் கட்டணம் கேட்டால், அமெரிக்காவில் நாவலாசிரியைகள் ஏ.சி. கிறிஸ்பினும் விக்டோரியா ஸ்ட்ராஸும் 1998-ல் தொடங்கிய, பதிப்பு மோசடிகளை எச்சரிக்கும் 'ரைட்டர் பிவேர்' தளத்தில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.